சிறிய வண்டியில் பெரிய எஞ்சின்



சிறிய விளையாட்டு மோட்டார் வண்டியொன்றிலிருந்து பழைய எஞ்சினைக் கழற்றி எடுத்துவிட்டு, அதனினும் ஆற்றல் மிக்க வேறோர் எஞ்சினை அதே இடத்தில் அமர்த்தும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உண்டு. இருவர் மட்டும் அமர்ந்து செல்லும் தாழ்ந்த, இலேசான வண்டி. அதற்கு முன்னிருந்ததிலும் ஒன்றரை மடங்கு வலு. இளைஞரின் உள்ளத்தை இதைக் காட்டிலும் கவரக்கூடியது வேறென்ன? எனினும், இவ்வாறு மாற்றப்பெற்ற வண்டிகள் சில வீதியில் ஓடிய நாட்களிலும் கராஜில் நின்ற நாட்களே மிகுதி. ஒன்று நெரிசலான தெருவில் நீராவி கக்கிக்கொண்டு நிற்கும். மற்றொன்று இரவில் விளக்கு மங்கி, காலையில் ஸ்ராட்டர் சுழலாது கிடக்கும். அரிதாக ஒன்று வயரிற் பற்றிய தீயால் அழிந்தும் போகும். புதிய எஞ்சினில் யாதொரு குறையும் இல்லாதபோதே இவை நிகழ்கின்றன. காரணம் யாது? எஞ்சினை மாற்றியவர், அதனைக் குளிரச் செய்யும் அமைப்பையும் அதற்கு மின்சாரம் ஊட்டும் அமைப்பையும் பழையபடியே விட்டுவிடுவதுதான். இவ்விரு அமைப்புகளையும் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் பொறியியலாளனல்லன். கலைத்துறையிற் பட்டம் பெற்றுப் பாடசாலையொன்றை நடத்தி வருபவன். ஆயினும், இப்பொருளுக்கு வேண்டிய அறிவு பெரும்பாலும் பாடசாலை விஞ்ஞான நூல்களிலேயே உள்ளது. சூடு எவ்வாறு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்கிறது, அமுக்கம் கூடினால் நீரின் கொதிநிலை என்னாகும், மின்னோட்டத்துக்கும் தடைக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடையறிந்தவர் எவரும் இதனை எளிதிற் புரிந்துகொள்ளலாம்.

முதலிற் சிறிது வரலாறு. 1964ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரூட்ஸ் நிறுவனம் 'சன்பீம் ரைகர்' என்னும் வண்டியை வெளியிட்டது. அது முன்பிருந்த 'சன்பீம் அல்பைன்' என்னும் சிறிய வண்டியின் உடலில், அமெரிக்கப் போட் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ஆக்கப்பட்டது. அந்த எஞ்சினின் கொள்ளளவு 260 கன அங்குலம். வலு 164 குதிரைவலு. அமெரிக்கரான கரோல் ஷெல்பி அதன் முன்மாதிரியை உருவாக்குவதிற் பங்கு கொண்டார். எஞ்சினுக்கும் சுற்றுச் சுவருக்கும் இடையே இருந்த இடுக்கு எத்துணைக் குறுகியதென்றால், தீப்பொறிச் செருகிகளுள் ஒன்றைக் கழற்றுவதற்குப் பயணிகள் அமரும் பகுதியிலிருந்து சுவரில் ஒரு துளை விடவேண்டியதாயிற்று. காற்று நுழைந்து வெளியேற இடமில்லாத அந்த அறையில் வெப்பம் தங்கிவிடுவது அவ்வண்டியின் உரிமையாளர்களுக்கு நீண்டகாலத் தலைவலியாய் இருந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு, இன்றைய பேச்சுக்கு நான் மாதிரியாகக் கொள்ளும் எம். ஜி. பி. வண்டி. 1962ஆம் ஆண்டு தொடக்கம் 1980ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் அது உற்பத்தி செய்யப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளியேறின. அதன் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறக்குறைய 95 குதிரைவலுவும் உடையது. அமெரிக்காவின் பியூயிக் நிறுவனம் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட 3.5 லீற்றர் அலுமினிய எஞ்சின் ஒன்றின் உரிமையை, இங்கிலாந்தின் றோவர் நிறுவனம் 1965ஆம் ஆண்டிற் பெற்றுக்கொண்டது. இரும்பாலான எம். ஜி. பி. எஞ்சினைவிட இந்த எட்டுச் சிலிண்டர் எஞ்சின் நிறையிற் பெரிதும் கூடியதன்று. இதனைக் கண்ட கென் கொஸ்டெல்லோ என்னும் ஓட்டப்பந்தய வீரர், 1970ஆம் ஆண்டளவில் றோவர் எஞ்சினை எம். ஜி. பி. வண்டிகளிற் பொருத்தி விற்கத் தொடங்கினார். பின்னர் 1973ஆம் ஆண்டில் உற்பத்தியாளரே 137 குதிரைவலு கொண்ட 'எம். ஜி. பி. ஜி. ரி. வி. 8' என்னும் வண்டியை வெளியிட்டனர். 1976ஆம் ஆண்டு வரை அவ்வகையில் 2591 வண்டிகளே செய்யப்பட்டன. ஆயினும், அதைப் பின்பற்றித் தம் வண்டிகளைத் தாமே மாற்றிக்கொண்டோர் பலர்; இன்றும் அப்பணி நடைபெற்று வருகிறது.

இனி வெப்பத்துக்கு வருவோம். எஞ்சின் என்பது எரிபொருளின் வெப்பத்தைச் சுழற்சியாக மாற்றும் பொறி. ஆனால் அது சிக்கனமான பொறியன்று. எரியும் பெற்றோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. பின்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியைக் குளிர்த்தும் நீரே சுமந்து செல்லவேண்டும். ஆகவே, எஞ்சின் முழு வலுவுடன் உழைக்கும்போது எவ்வளவு வலுவைத் தருகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு வெப்பத்தை நீருக்கும் தள்ளிவிடுகிறது எனக் கணக்கிடலாம். 95 குதிரைவலு என்பது ஏறக்குறைய 71 கிலோவாற்று. 137 குதிரைவலு என்பது 102 கிலோவாற்று. வீட்டிலே தேநீருக்கு நீர் சுடவைக்கும் மின்கேத்தல் ஒன்று 2 கிலோவாற்று என்று கொண்டால், ஐம்பது கேத்தல்களின் வெப்பத்தை அந்தச் சிறிய வண்டியின் மூக்கிலுள்ள றேடியேற்றர் வெளியே வீசவேண்டும். பழைய றேடியேற்றரோ முப்பத்தைந்து கேத்தல்களுக்கென அமைக்கப்பட்டது. 'விரலுக்கேற்ற வீக்கம்' என்பது நம் முதுமொழி. இங்கே வீக்கம் விரலை மிஞ்சிவிட்டது.

நாம் முழு வலுவுடன் வண்டியோட்டுவது மிக அரிது என்று நீங்கள் கூறலாம். அது மெய்யே. சமமான வீதியில் ஒரே சீரான வேகத்திற் செல்லும்போது வேண்டப்படும் வலு முழு வலுவின் சிறு பகுதியே. அப்போது முன்னிருந்து வீசும் காற்றும் தாராளம். உண்மையான சோதனை நெரிசலிலே வருகிறது. வண்டி ஊர்கிறது, எதிர்க்காற்று இல்லை, எட்டுச் சிலிண்டர்களும் சும்மா சுழல்வதற்கே எரிபொருளை எரித்துக்கொண்டிருக்கின்றன, வெளியே தள்ளப்பட்ட சூடான காற்று எஞ்சின் அறையையே சுற்றி வருகிறது. இந்நிலையிற் காற்றைத் தருவது விசிறி ஒன்றுதான்.

இங்கே நம்மைப் போன்ற வெப்பநாட்டினர் கருதவேண்டிய இன்னொன்றும் உண்டு. றேடியேற்றர் வெளியேற்றும் வெப்பம், உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90 பாகை எனக் கொள்வோம். இங்கிலாந்தில் 15 பாகையுள்ள ஒரு நாளில் வேறுபாடு 75 பாகை. 35 பாகை வெயிலில் அது 55 பாகையாகக் குறைகிறது. அதே றேடியேற்றர், அதே விசிறி. ஆனால் வேலைத்திறனிற் காற்பங்குக்கு மேல் போய்விட்டது. எனவே, குளிர்நாட்டிற் போதுமானதென எழுதப்பட்ட ஏற்பாடு வெப்பநாட்டிற் போதாமற் போகலாம்.

ஆகவே செய்யவேண்டுவன யாவை? முதலாவது, றேடியேற்றரின் பரப்பையும் தடிப்பையும் இடம் உள்ளவரை கூட்டுதல். எம். ஜி. பி. வி. 8 வண்டியை ஆக்கியோர், றேடியேற்றரை முன்னே நகர்த்தி, அதற்கு இரு மின்விசிறிகளை அமைத்தனர். எஞ்சினோடு பிணைந்து சுழலும் பழைய விசிறி, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது தானும் மெதுவாகவே சுழலும். காற்று மிகவும் வேண்டப்படும் வேளையிற் காற்றைக் குறைத்துவிடும். மின்விசிறியோ எஞ்சினின் வேகத்தைப் பாராது தன் கடமையைச் செய்யும்.

இரண்டாவது, காற்றுக்கு வழி அமைத்தல். பெரும்பாலோர் மறந்துவிடுவது இதுவே. காற்று சோம்பேறி, எளிய வழி எதுவோ அதனையே நாடும். றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கிடையே புகுவதைவிட, அதன் ஓரங்களிலுள்ள இடைவெளிகளால் நழுவிச் செல்வது அதற்கு எளிது. ஆதலால் ஓரங்களையும் மேற்பக்கத்தையும் தகட்டாலும் இறப்பராலும் அடைத்து, முகப்பில் நுழையும் காற்று முழுவதும் றேடியேற்றருக்குள்ளேயே செல்லும்படி செய்யவேண்டும். விசிறிக்குப் பொருத்தமான ஒரு கூடும் வேண்டும். கூடு இல்லாத விசிறி தன் இறக்கைகள் மறைக்கும் வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். கூடுள்ள விசிறியோ றேடியேற்றரின் முழுப் பரப்பினூடாகவும் இழுக்கும். உள்ளே புகுந்த காற்று வெளியேறவும் வழி இருத்தல் வேண்டும். புகும் வாயில் பெரிதாகவும் வெளியேறும் வாயில் அடைபட்டும் இருந்தால், புதிய காற்று எங்ஙனம் உள்ளே வரும்?

மூன்றாவது, நீரின் சுற்றோட்டம். றேடியேற்றரின் மூடியை வெறும் மூடி என எண்ணற்க. அதிலுள்ள சுருள்வில் நீரை அமுக்கத்தில் வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கமுள்ள மூடியை இட்டால், தூய நீர் 100 பாகையிற் கொதியாது, ஏறக்குறைய 120 பாகையிலேயே கொதிக்கும். அந்த 20 பாகையும் நமக்குக் கிடைக்கும் காவல் எல்லை. அதனாலேயே சூடான மூடியைத் திறப்பது பேராபத்து. அமுக்கம் நீங்கிய கணத்திலே, கொதியாதிருந்த நீர் முழுவதும் கொதித்து மேலெழுந்து முகத்தையும் கைகளையும் அவித்துவிடும். எஞ்சின் நன்கு ஆறும்வரை மூடியிற் கை வைத்தலாகாது.

'தேமோஸ்ற்றற்' என்னும் சிறு கதவைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு குறையும் என்று கூறுவோர் உளர். இது பெரும்பாலும் தவறான வைத்தியம். எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடையும்வரை நீரை உள்ளே சுற்றவிட்டு, பின்னர் றேடியேற்றருக்குத் திறந்துவிடுவது அதன் தொழில். முழுதும் திறந்த நிலையில் அது நீரைப் பெரிதும் தடுப்பதில்லை. அதனை நீக்கினால் எஞ்சின் குளிர்ந்தே ஓடித் தேய்வடையும். சில எஞ்சின்களில் நீர் தவறான வழியிற் சுற்றவும் தொடங்கும். பழுதான தேமோஸ்ற்றற்றை மாற்றவேண்டும், நல்லதைக் கழற்றலாகாது.

எஞ்சின் மாற்றத்தில் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத இடையூறு காற்றுக்குமிழி. புதிய எஞ்சினின் மேற்பகுதி, தாழ்ந்த முகப்பிலுள்ள றேடியேற்றரைவிட உயரமாக அமைந்துவிட்டால், உள்ளே சிறைப்பட்ட காற்று அந்த உச்சியிலே தங்கும். அவ்விடத்தில் உலோகத்தை நீர் தொடாது. நீராவி மட்டுமே தொடும். அளவுகாட்டியோ அமைதியாக இருக்கும். ஏனெனில் அதன் உணர்வுமுனையும் நீரைத் தொடவில்லை. இதற்குப் பரிகாரம், அமைப்பின் யாவற்றிலும் உயர்ந்த இடத்தில் ஒரு சிறு தாங்கியை வைத்து, எஞ்சினின் உச்சியிலிருந்து மெல்லிய குழாயொன்றால் அதனோடு இணைத்துவிடுவது. காற்று தானாகவே அங்கு ஏறிவிடும், நீர் கீழிறங்கிவிடும். நீரேற்றியின் உறிஞ்சும் பக்கத்திலுள்ள இறப்பர்க் குழாய் வேகத்திற் சப்பிவிடாதபடி, தேவையானால் அதனுள்ளே ஒரு சுருட்கம்பியை இடுதலும் நன்று.

அலுமினிய எஞ்சினுக்கு வெறும் கிணற்று நீர் ஆகாது. உப்பும் சுண்ணாம்பும் உலோகத்தை அரித்து, றேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும். வடித்த நீரோடு அரிப்புத் தடுக்கும் மருந்து கலந்த திரவத்தைச் சேர்த்து, உற்பத்தியாளர் கூறிய காலத்துக்கொருமுறை மாற்றவேண்டும். உறைபனி இல்லாத நம் நாட்டிலும் அத்திரவம் வேண்டப்படுவது அரிப்பைத் தடுப்பதற்காகவும் கொதிநிலையை உயர்த்துவதற்காகவுமே. எனினும், அளவுக்கு மிஞ்சி அதனைச் சேர்த்தல் கூடாது. வெப்பத்தைச் சுமப்பதில் நீரைவிட அது தாழ்ந்தது.

நோயை அறிந்தே மருந்து கொடுக்கவேண்டும் அன்றோ? வண்டி விரைந்து செல்லும்போது சூடேறி, நகருள் ஊரும்போது தணிந்தால், குறை விசிறியில் இல்லை. றேடியேற்றரின் பரப்பு, நீரோட்டம், எரிபொருட் கலவை, தீப்பொறியின் நேரம் ஆகியவற்றில் அதனைத் தேடுக. மாறாக, வீதியில் நன்றாயிருந்து நெரிசலிற் சூடேறினால், விசிறியையும் காற்றுவழியையும் பார்க்க. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர் வீண் செலவிற் பாதியைத் தவிர்ப்பார். அறியாதவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள்களை வாங்கி மாட்டிக்கொண்டேயிருப்பார். இதற்கிடையிற் சிலிண்டர் தலை கோணி, அதன் கஸ்கட் எரிந்து, எஞ்சினே பாழாகிவிடும்.

இனி மின்சாரத்தைப் பார்ப்போம். தொடக்ககால எம். ஜி. பி. வண்டிகளுக்கு மின்சாரம் தந்தது லூக்காஸ் நிறுவனத்தின் தைனமோ. அதன் எல்லை 22 அம்பியர். அந்த 22 அம்பியரும் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழலும்போதுதான் கிடைக்கும். சும்மா சுழலும்போது அது தருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இப்பொழுது ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போல வண்டியின் மின்கணக்கை எழுதிப் பாருங்கள். விளக்குகள் யாவும் சேர்ந்து 11 அம்பியர்; தீப்பொறி அமைப்புக்கு 4; கண்ணாடி துடைப்பானுக்கு 3; உள்ளறைக் காற்றூதிக்கு 4. இவை மட்டும் 22. பழைய வண்டி வரவுக்குச் சரியாகச் செலவு செய்து வாழ்ந்தது. புதிய எஞ்சினுக்கு இரு மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 8 அம்பியராக 16 என்று கொள்க. எரிபொருளை விசிறித் தெளிக்கும் நவீன அமைப்பையும் அதற்கான பம்பையும் சேர்த்தால் இன்னுமொரு 10. மொத்தம் 48 அம்பியர். வரவு 22, செலவு 48. மிகுதியைப் பற்றரி என்னும் சேமிப்பிலிருந்து எடுக்கவேண்டும். சேமிப்புக் கரைந்ததும் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

எனவே தைனமோவை நீக்கி 'அல்ரனேற்றர்' என்னும் ஆடலோட்ட மின்பிறப்பாக்கியை அமைத்தல் இன்றியமையாதது. எம். ஜி. பி. வண்டிகளே 1967ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து இம்மாற்றத்தைப் பெற்றன. அல்ரனேற்றர் மெதுவான சுழற்சியிலும் பயனுள்ள மின்னோட்டத்தைத் தரும். தொடர்ந்து வேண்டப்படும் மின்னோட்டத்தைவிடக் காற்பங்கு கூடுதலானதைத் தெரிதல் நல்ல விதி. 48க்குக் காற்பங்கைக் கூட்டினால் 60 அம்பியர். இவ்வாறு மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. 1967ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அவ்வண்டிகளிற் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. அல்ரனேற்றர் எதிர்முனைத் தொடுப்பையே வேண்டி நிற்பது. முனைகளை மாற்றாது இணைத்தால் அதன் உள்ளுறுப்புகள் கணத்தில் எரிந்துவிடும். வானொலி, மின்னணுச் சுழற்சிமானி போன்றவற்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளவேண்டும்.

வருவாய் பெருகினால் மட்டும் போதுமா? அதனைக் கொண்டு செல்லும் பாதையும் அகலவேண்டும். செம்புக் கம்பியொன்று ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்பும் ஐந்து மீற்றர் நீளமும் உடையதெனின், அதன் தடை ஏறக்குறைய 0.086 ஓம். அதில் 10 அம்பியர் ஓடினால் 0.86 வோல்ற்று வழியிலே தொலையும், கம்பியில் 8.6 வாற்று வெப்பம் பிறக்கும். மின்னோட்டத்தை 20 அம்பியராக இரட்டித்தால் வோல்ற்று இழப்பும் இரட்டிக்கும். ஆனால் வெப்பமோ நான்கு மடங்காகி 34 வாற்றுக்கு மேல் எழும். இந்த நான்கு மடங்கு என்னும் உண்மையை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். வயரின் உறை உருகுவதும், அதனாற் கம்பி உலோகத்தைத் தொட்டுத் தீப்பற்றுவதும் இக்கணக்கின் விளைவுகளே.

பழைய வண்டிகளில் தலைவிளக்குக்கான மின்னோட்டம் முழுவதும் பற்றரியிலிருந்து ஓட்டுநர் முன்னுள்ள சுவிச்சுக்கு வந்து, அங்கிருந்து மீண்டும் முகப்புக்குச் செல்லும். இந்நெடும் பயணத்தில் வோல்ற்று குறைகிறது. இழை விளக்கொன்றுக்கு வோல்ற்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். இதற்குப் பரிகாரம் 'றிலே' என்னும் சிறு கருவி. அது ஒரு மின்காந்தத்தால் இயங்கும் கதவு. சுவிச்சு வழியே சிறு மின்னோட்டம் சென்று அக்கதவைத் திறக்கச் சொல்லும். பெரிய மின்னோட்டமோ தடித்த, குறுகிய வயரால் நேரே விளக்குக்கும் விசிறிக்கும் செல்லும். அதிபர் ஒருவர் ஒவ்வொரு பணியையும் தாமே தலையிற் சுமப்பதில்லை. ஒரு சொல்லாற் பணியை ஏவுகிறார். பழைய சுவிச்சும் அவ்வாறே ஏவட்டும், சுமக்க வேண்டியதில்லை.

'பியூஸ்' என்பதன் நோக்கத்தைப் பலர் பிறழ உணர்ந்துள்ளனர். அது விசிறியையோ விளக்கையோ காப்பதற்கன்று, வயரைக் காப்பதற்கே. ஆகவே வயர் தாங்கும் அளவுக்குக் குறைந்ததாகவே பியூஸ் இருத்தல் வேண்டும். மின்சாரம் தரும் முனைக்கு அண்மையிலே அதனை அமைத்தலும் வேண்டும். முற்கால எம். ஜி. பி. வண்டியில் இரண்டே பியூஸ்கள் இருந்தன. தலைவிளக்குச் சுற்றுக்கு அவை காவலாக அமையவில்லை. புதிய அமைப்பில் ஒவ்வொரு பெரிய கருவிக்கும் தனித்தனி பியூஸ் வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாகப் பெரியதொன்றையோ கம்பித்துண்டையோ செருகுவது, காவற்காரனை உறங்கச் செய்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். அல்ரனேற்றரிலிருந்து பற்றரிக்குச் செல்லும் பிரதான வயரையும் மறத்தலாகாது. 22 அம்பியருக்கென இடப்பட்ட பழைய கபில நிற வயர் 60 அம்பியரைத் தாங்குமென எதிர்பார்த்தல் கூடாது.

மின்னோட்டம் சென்றால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும். திரும்பும் வழி வண்டியின் உடலே. கராஜ்களில் இதனை 'ஏர்த்' என்பர். எஞ்சினோ இறப்பர்த் துண்டுகளின்மேல் அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் தடித்த பின்னற்பட்டையை, எஞ்சின் மாற்றத்தின்போது மீண்டும் மாட்ட மறந்துவிட்டால், ஸ்ராட்டர் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் வேறு வழி தேடும். எரிபொருளைக் கட்டுப்படுத்தும் மெல்லிய கம்பி வழியே அது திரும்ப முயன்று, அக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும். பற்றரி ஆசனத்துக்குப் பின்னும் ஸ்ராட்டர் முன்னும் உள்ள இவ்வண்டியில், நீண்ட பிரதான வயரும் தடித்ததாகவும் கூரிய விளிம்புகளில் உரசாததாகவும் இருத்தல் வேண்டும். தொடுப்பு இடங்களிலுள்ள வர்ணத்தையும் துருவையும் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேரும்படி இறுக்குக.

இப்பேச்சின் மையக் கருத்துக்கு இப்பொழுது வந்துள்ளோம். வெப்பத்தைத் தனியாகவும் மின்சாரத்தைத் தனியாகவும் இதுவரை கூறினேன். வண்டியில் அவை தனித்தனியல்ல. நெரிசலில் எஞ்சின் சூடேறுகிறது. மின்விசிறி சுழலத் தொடங்குகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதால் தைனமோ எதனையும் தருவதில்லை. விசிறி பற்றரியைக் குடிக்கிறது, வோல்ற்று தாழ்கிறது, தாழ்ந்த வோல்ற்றால் விசிறியின் வேகம் குறைகிறது, காற்றுக் குறைகிறது, சூடு மேலும் ஏறுகிறது, விசிறி ஓயாது சுழல்கிறது, பற்றரி மேலும் வறள்கிறது. ஒன்று மற்றொன்றைக் கீழே தள்ள, மற்றொன்று முதலாவதை மேலும் கீழே இழுக்கிறது. இவ்வண்டியின் உரிமையாளர் பெரிய றேடியேற்றரை வாங்குவார், பயனிராது. புதிய விசிறியை வாங்குவார், இன்னும் கேடாகும். உண்மையான குறை றேடியேற்றரில் இல்லை, அல்ரனேற்றர் இல்லாமையிலும் விசிறியின் மெல்லிய வயரிலும் உள்ளது. வெப்ப நோய்க்கு மின்சாரத்தில் மருந்து இருக்கும் விந்தை இதுவே.

ஆதலின் வேலையை ஓர் ஒழுங்கிற் செய்தல் வேண்டும். எஞ்சினை இறக்குமுன்னரே, ஒரு தாளில் மின்கணக்கை எழுதுக. பற்றரியைக் கழற்றிவிட்டு, பிரதான வயர்களையும் ஏர்த் தொடுப்புகளையும் முதலிற் புதுப்பிக்க. பின்னர் அல்ரனேற்றர், அதன்பின் றிலேயும் பியூஸும், அவற்றின்பின் றேடியேற்றர், கூடு, விசிறி, உயரத்தாங்கி. முடிவிற் சோதனை. எஞ்சின் சும்மா சுழல, விளக்குகளையும் விசிறிகளையும் ஒருங்கே இயக்கி, வோல்ற்றுமானியாற் பற்றரியின் முனைகளை அளக்க. ஏறக்குறைய 13.5 வோல்ற்றோ அதற்கு மேலோ நின்றால் வரவு செலவைத் தாங்குகிறது. 12.5க்குக் கீழே இறங்கினால் பற்றரி கடன் கொடுக்கிறது. அடுத்து விசிறியின் முனையிலேயே அளக்க. அங்கும் பற்றரியிலும் உள்ள வேறுபாடு அரை வோல்ற்றுக்கு மேற்படின், வயரிலோ தொடுப்பிலோ தடை உள்ளது. பின்னர் வெயிலில் வண்டியை நிறுத்தி, அரைமணி நேரம் எஞ்சினைச் சும்மா சுழலவிட்டு, விசிறி இயங்குவதும் ஓய்வதும் மாறி மாறி நிகழ்கின்றனவா என்று நோக்குக. விசிறி ஓய்வெடுக்குமாயின் அமைப்பில் மிச்சம் உள்ளது. ஓயாது சுழலுமாயின் மிச்சம் இல்லை. கைக்கெட்டும் இடத்தில் தீயணைக்கும் கருவியொன்றை வைத்துக்கொண்டே இச்சோதனைகளைச் செய்க.

நேயர்களே, இவ்வேலைகளில் எதுவும் வெளியார் கண்ணுக்குத் தெரிவதில்லை. பளபளக்கும் எஞ்சினைப் புகழ்வோர் ஏர்த் பட்டையைப் புகழ்வதில்லை. ஆனால் மகனோ மகளோ அவ்வண்டியில் ஏறி மலைப்பாதையில் இரவிற் புறப்படும்போது, விளக்கு மங்காது எரிவதும் எஞ்சின் அவியாது ஓடுவதும் அந்தப் பட்டையாலும் அதுபோன்ற சிறு பொருள்களாலுமே. பெரிய எஞ்சினை வாங்கப் பணம் சேர்க்கும் இளைஞர்கள், அதே தாளில் அல்ரனேற்றருக்கும் வயருக்கும் றேடியேற்றருக்கும் உரிய தொகையையும் சேர்த்தே எழுதிக்கொள்வார்களாக. அத்தொகை கைக்கு வரும்வரை பழைய எஞ்சினோடு ஓடுவது இழுக்கன்று.